‘நீ அகலிகையாக இருந்தால்?’ – இதெல்லாம் ஒரு கேள்வியா?

சாக்பீஸ்: நேற்று பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சிக் கூட்டம். மேடையில் ஒருவர், "கதாபாத்திரத்தைப் பற்றிப் பிள்ளைகள் ஆழமாக யோசிக்கணுமா? ‘நீயாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள், போதும்" என்றார். கைதட்டு வேறு. எனக்கு வயிறு எரிந்துவிட்டது. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையை நகலெடுத்துப் பதினொன்றாம் வகுப்புக்குக் கொடுத்து, இதே கேள்வியை நானும் கேட்டவன்தான். "நான் தைரியமாக எதிர்த்துப் பேசுவேன்" என்று அநேகம் பேர் எழுதினார்கள். அகலிகை ஒரு தாளிலும் இல்லை.

மறுநாள் வேறு கேட்டேன். ராமன் சொல்லித் தீக்குளித்ததைச் சீதை சொல்கிறாள். அகலிகை முதலில் "அவர் கேட்டாரா?" என்கிறாள். கொஞ்ச நேரத்தில் "அவன் கேட்டானா?" என்று கத்துகிறாள். அவர் எப்படி அவன் ஆனார்? வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், எங்க அம்மா ஒரே ஒரு நாள்தான் எங்க அப்பாவ அவன்னு சொன்னா" என்றான். அதற்குமேல் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தென்காசி டீச்சர்: அந்தப் பையன் சொன்னது தன் வீட்டுக் கதையைத்தானே சார்? அதுதான் ‘நீயாக இருந்தால்’. எங்கள் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

சாக்பீஸ்: இல்லை டீச்சர். அவன் கதைக்குள் போய் அங்கிருந்து வீட்டுக்கு வந்தான். உங்கள் கேள்வி பிள்ளையை வீட்டுத் திண்ணையை விட்டே இறங்க விடாது.

நன்னூல் நேசன்: வினா ஆறு வகை என்று நன்னூல் சொல்கிறது. வகுப்பில் நாம் கேட்பது பெரும்பாலும் அறிவினா, விடை தெரிந்துகொண்டே கேட்பது. அந்த அவர்–அவன் கேள்வி அறியா வினா. வாத்தியாருக்கே முழு விடை தெரியாது. அதனால்தான் பிள்ளை வாயைத் திறந்தான்.

சாக்பீஸ்: இலக்கணம் அப்புறம், அண்ணாச்சி. ‘நீயாக இருந்தால்’ ஒரு கேள்வியா இல்லையா? அதைச் சொல்லும்.

வண்ணார்பேட்டை வாசி: நாற்பது நிமிஷ பீரியடு, பாடம் முடிக்கவே நேரமில்லை. நெடுவினாவில் இதெல்லாம் வருமா? பிள்ளைகள் கோனார் உரையைத்தான் புரட்டுகிறார்கள். அப்புறம், சீதை சொன்னதைக் கேட்ட உடனே அகலிகை கல்லாகிவிடுகிறாள், அவ்வளவுதான் கதை. நம்ம ஊர்க்காரர் எழுதியது எனக்குத் தெரியாதா?

சாக்பீஸ்: தெரியவில்லையே! சீதை போய்விடுகிறாள். அதற்குப் பிறகு கோதமன் வந்து தழுவுகிறான். அவள் கண்ணுக்கு அது மறுபடியும் இந்திரன் போட்ட வேஷமாகப் படுகிறது. அங்கேதான் கல்லாகிறாள். கதையைப் படிக்காமல் கேள்வி தயாரித்தால் ‘நீயாக இருந்தால்’தான் வரும்.

கடலூர்க்காரன்: நம்ம ஊர்க்காரரா? 1906இல் அவர் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில்.

வண்ணார்பேட்டை வாசி: பிறந்தால் ஆச்சா? அவர் எழுத்தில் ஓடுவது தாமிரபரணி. கெடிலமா ஓடுகிறது?

தென்காசி டீச்சர்: ஊர்ச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் சார், கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருந்தீர்கள்? ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே ஆராய்ந்து எழுதினார். முதல் நாள் எழுதச் சொல்லி அவசரமாகத் தாளை வாங்கிக்கொண்டு, மறுநாள் பொறுமையாக நின்றிருக்கிறீர்கள். பழி மட்டும் கேள்விமேல்.

சாக்பீஸ்: மூணு நொடி இல்லை, மூணு நாள் காத்திருந்தாலும் ‘நீயாக இருந்தால்’ என்றால் பிள்ளை தன்னைத்தான் எழுதும். காலாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் என்னை மடக்கப் பார்த்தீர்கள். நான் மறக்கவில்லை.

நன்னூல் நேசன்: ஆறு வகையில் எது என்று இரண்டு பேரும் இன்னும் சொல்லவில்லை.

தென்காசி டீச்சர்: திங்கட்கிழமை முதல் பீரியடில் அதே கதை, அதே ‘நீயாக இருந்தால்’. கேட்கத்தான் போகிறேன்.

சாக்பீஸ்: கேளுங்கள். எத்தனை தாளில் அகலிகை பெயர் இருக்கிறது என்று எண்ணி இங்கேயே போடுங்கள்.