‘பிளாக் ஐஸ்’: கண்ணாடி துடைப்போர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கீழக்கரையிலிருந்து:

குழுவினர் எல்லோருக்கும் சலாமும் வணக்கமும்.

குளிர்நாடுகளுக்குக் கண்ணாடி துடைக்கும் வேலைக்குப் போகிற நம் பகுதிப் பிள்ளைகளுக்கான கையேட்டில் குளிர்கால அத்தியாயம் ஒரு சொல்லால் நின்றுகிடக்கிறது. ‘பிளாக் ஐஸ்’ என்பதை முதல் வரைவு ‘கரும்பனி’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் போகிறவன் நடைபாதையில் கறுப்பாக எதையோ தேடுவான். அங்கே கறுப்பு எதுவும் இராது. அது நிறமே இல்லாத மெல்லிய படலம். அடியில் தார் என்றால் கறுப்பு, சிமெண்ட் கல் என்றால் சாம்பல், செங்கல் பாவியிருந்தால் சிவப்பு. பார்வைக்கு வெறும் ஈரம். ஈரம்தானே என்று கால் வைப்பதால்தான் இடுப்பும் மணிக்கட்டும் முறிகின்றன.

நம் தொழிலில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மற்றவர்களுக்கு அந்த ஐஸ் வானத்திலிருந்து வருகிறது. கண்ணாடி துடைப்பவர் அதைத் தன் கையாலேயே உண்டாக்குகிறார். இப்போது பெரும்பாலான வேலை நீர்க்கம்பில் நடக்கிறது: வண்டியில் சுத்திகரித்த நீர்த்தொட்டி, 12 வோல்ட் பம்ப், மெல்லிய ஹோஸ், நீண்ட கம்பு, நுனியில் பிரஷ். நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவில் நீர் பீய்ச்சினால், ஒரு ஜன்னலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 10 ஜன்னலுக்கு 20 லிட்டர். அத்தனையும் சுவர் வழியாக இறங்கி வீட்டுக்காரர் நடக்கும் பாதையில் பரவும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நின்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம். 10 சதுர மீட்டர் பாதையில் 20 லிட்டரும் வடியாமல் நின்று உறைந்தால் 2 மில்லிமீட்டர் தகடு. துடைத்தவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். விழுவது வீட்டுக்காரரும் தபால்காரரும்.

வானத்து ஐஸுக்கு ஒரு சொல்லும், நாமே உண்டாக்குவதற்கு ஒரு சொல்லும் வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து:

வணக்கம். ‘கரும்பனி’ கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. சிக்கல் ‘கரு’வில் மட்டுமில்லை, ‘பனி’யிலும் இருக்கிறது. நம் கரையில் பனி என்றால் மார்கழி விடியலில் ஓலைக்கூரையிலிருந்து சொட்டுவது. செய்தித்தாள் ‘ஊட்டியில் உறைபனி’ என்கிறபோது சொல்வது புல்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதை. அது கண்ணுக்குத் தெரிவது. நாம் பேசுவது தெரியாததை. ஆகவே ‘உறைபனி’யை இதற்கு எடுத்தால் படிப்பவர் வெள்ளையைத் தேடிப் போவார்.

சங்கச் சொல்லான ‘ஆலி’யை யாராவது முன்மொழியக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அது வானிலிருந்து விழும் கல், ஆலங்கட்டி. தரையில் படிவதற்குப் பொருந்தாது.

என் பரிந்துரை இரண்டு. ஒன்று ‘மறைபனி’. இன்னொன்று ‘உறைபடலம்’. இரண்டாவதில் பனி என்ற குழப்பமே இல்லை. உறைந்த படலம் என்று பொருள் நேராக விளங்குகிறது.

பாம்பனிலிருந்து:

ஐயா, ‘உறைபடலம்’ எழுதும்போது நன்றாக இருக்கிறது. இருபதடி தள்ளிக் கம்போடு பின்னால் நகர்ந்து வருகிறவனைப் பார்த்து அதைக் கத்திப் பாருங்கள். அவன் என்னவென்று யோசிப்பதற்குள் விழுந்திருப்பான். எச்சரிக்கைச் சொல் இரண்டு அசையில் காதில் ஏற வேண்டும். நம் ஆட்களுக்கு அந்தச் சொல் ‘ஐஸ்’தான். ஐஸ் பார், நொறுக்கு ஐஸ், ஐஸ் கம்பெனி என்று துறையில் இருக்கிற ஒவ்வொருவர் வாயிலும் அன்றாடம் புழங்குவது. அதைப் புறந்தள்ளக் காரணம் இல்லை.

அது ஏன் தெரிவதில்லை என்பதையும் கையேடு விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள். ஐஸ் கம்பெனியில் கேனிலிருந்து இறக்கிய பாரை ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். ஓரம் கண்ணாடி மாதிரி, நடுத்தண்டு வெள்ளை. உப்புநீர்த் தொட்டியில் நிற்கிற கேனில் தண்ணீர் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே உறைந்து வரும். உறையும் ஐஸ் காற்றைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது, முன்னே தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் போக்கிடம் இல்லாமல் அந்தக் காற்று நடுவில் குமிழாகச் சிக்குகிறது. அந்தக் குமிழ்தான் வெள்ளை. பாதையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் மெதுவாக உறையும்போது காற்று மேல்பக்கமாகத் தப்பிவிடுகிறது. வெள்ளை ஆவதற்கு உள்ளே எதுவும் இல்லை. பாரின் ஓரத் துண்டும் அந்தப் பாதை ஐஸும் ஒரே சரக்கு.

சுத்திகரித்த நீர் என்பதால் சீக்கிரம் உறைகிறது என்று வரைவில் ஒரு வரி பார்த்தேன். அதை எடுத்துவிடுங்கள். குழாய்நீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் கரைந்திருப்பதால் உறைநிலை இறங்குவது கணக்கில் எடுக்க முடியாத அளவு. கடல்நீரே, லிட்டருக்கு 35 கிராம் உப்போடு, -1.9 டிகிரியில் உறைந்துவிடும். நீர் சுத்தமாக இருப்பது குற்றமில்லை. அது தரையில் நிற்பதுதான் குற்றம்.

வாலிநோக்கத்திலிருந்து:

உப்பைப் பற்றி நான் சொல்கிறேன். வரைவில் ‘கிரிட்’ என்பதை ‘மணல்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆபத்தான மொழிபெயர்ப்பு. பிரிட்டனில் சாலையோரப் பெட்டிகளில் இருக்கும் அந்தப் பழுப்புச் சரக்கு பெரும்பாலும் சுரங்கத்தில் வெட்டிய பாறையுப்பு. செஷயர் பகுதியில் வின்ஸ்ஃபோர்டில் அப்படிப்பட்ட பெரிய சுரங்கம் இருக்கிறது. மண் கலந்திருப்பதால் அந்த நிறம். மணலும் சாம்பலும் பிடிமானம் தரும், ஐஸை உருக்காது. உப்பு உருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பையன் ஆற்றுமணலைத் தூவிவிட்டு உருகும் என்று காத்திருப்பான். ‘இந்துப்பு’ என்றால் நாட்டுமருந்துக் கடை நினைவுக்கு வரும். ‘தூவுப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவு: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும் என்பது பிரிட்டிஷ் அரசின் பொதுமக்களுக்கான அறிவுரை. அதற்குமேல் கொட்டினால் புல் கருகும், அலுமினியச் சட்டம் அரிக்கும், புதுச் சிமெண்டில் பொருக்கு விடும். பொடி உப்பு சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் கரைந்துபோகும். நம் பாத்தி உப்பு மாதிரிப் பருக்கல் என்றால் மெதுவாகத் தொடங்கும், நின்று உழைக்கும்.

உப்பு எல்லாக் குளிருக்கும் எடுபடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். உப்புக்கரைசலின் உறைநிலை 10 விழுக்காட்டில் சுமார் -6.5 டிகிரி. எடையில் 23.3 விழுக்காட்டில் -21.1. அதுதான் அடிமட்டம், அதற்குமேல் உப்பைக் கூட்டினால் உறைநிலை திரும்ப ஏறும். ஆனால் இவை தொட்டிக்குள் நிற்கிற கரைசலின் கணக்கு. பாதையில் -9, -10-க்குக் கீழே போனால் உப்பு கரைவதே மந்தமாகிவிடும். அந்தக் குளிரில் கால்சியம் குளோரைடோ மக்னீசியம் குளோரைடோ வேண்டும். இரண்டாவது நம் உப்பளத்தில் உப்பு எடுத்தபின் வெளியேற்றுகிற கசப்புநீரில் நிறைய உள்ளதுதான்.

முன்தடுப்பாகத் தெளிக்க வேண்டுமென்றால் 10 லிட்டர் நீரில் 3 கிலோ உப்பு கரையுங்கள், 23 விழுக்காடு வரும். உறைவதற்கு முன் தெளிக்க வேண்டும். ஏற்கெனவே தகடாக இருக்கிற ஐஸ்மேல் ஊற்றினால் ஓடிப்போகும், அதற்குப் பருக்கல்தான்.

கீழக்கரையிலிருந்து:

‘தூவுப்பு’ ஏற்றுக்கொள்கிறேன். மணல் என்ற சொல்லை முழுக்க நீக்கிவிடுகிறோம்.

வேலை வரிசையைச் சொல்கிறேன், சொல் அதற்குள் உட்காருகிறதா பாருங்கள். வானிலை அறிவிப்பில் 2 அல்லது 3 டிகிரி என்று இருந்தால் ஐஸ் இல்லை என்று நினைக்கக் கூடாது. அந்த அளவு தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே எடுக்கப்படுவது. மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுப் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். அதனால் வெயில் படும் பக்கத்தில் தொடங்கி, வடக்குச் சுவரையும் நிழல் விழும் சந்துகளையும் நண்பகலுக்குத் தள்ள வேண்டும். அவை நாள் முழுக்க உறைந்தே கிடந்தால் விட்டுவிட வேண்டும். வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் வேலை ஹோஸை இழுப்பதில்லை, பாதையைப் பார்த்துத் தூவுப்பு போடுவது. துடைத்த பிறகு தூவினால் தெறித்துக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும்.

பூஜ்யத்துக்குக் கீழே நீர்க்கம்பை எடுக்கவே கூடாது என்று எழுதலாம் என்பது என் முடிவு. பழைய முறைக்குத் திரும்பலாம்: வாளியில் 5 லிட்டர் நீர், அரை லிட்டர் ஸ்பிரிட், மாப், நீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை வைத்த ஸ்குவீஜி. அந்தக் கலவை சுமார் -3 வரை தாங்கும். ஸ்பிரிட் தீப்பற்றுவது, வண்டிக்குள் மூடியைத் திறக்கக் கூடாது. குளிரில் ரப்பர் இறுகிக் கோடு விழும், மென்ரப்பர் பட்டையாக மாற்ற வேண்டும். சொட்டுவது வாளி அளவுதான் என்பதால் பாதை நனையாது.

உறைந்த பாதையில் ஏணி அறவே இல்லை. ஒன்றுக்கு நான்கு (அடி ஒரு பங்கு தள்ளி, உயரம் நான்கு பங்கு) என்ற சாய்வு சரியாக இருந்தாலும் கால் நழுவினால் சாய்வு காப்பாற்றாது. பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு உயரப்பணி விதிகளும், வானிலை ஆபத்தாக இருக்கும்போது ஏறக் கூடாது என்கின்றன. பூட்ஸின் மேல் மாட்டும் முள்பட்டை வெளிப்பாதைக்கு நல்லது. அதோடு வீட்டு டைல்ஸில் கால் வைத்தால் அதுவே வழுக்கும். வாசலில் கழற்ற வேண்டும்.

வெந்நீர் ஊற்றி உருக்கலாம் என்கிற யோசனை எல்லோருக்கும் வரும். ஊற்றிய நீர் சற்று நேரத்தில் முன்னைவிட அகலமாக, முன்னைவிடத் தெளிவாக உறையும். சில்லிட்ட கண்ணாடியில் ஊற்றினால் விரிசலும் விடலாம்.

மாலையில் பம்ப், ஹோஸ், வடிகட்டி எல்லாவற்றிலும் நீரை இறக்கிவிட வேண்டும். உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும். வடிகட்டிக் கூடு பிளக்கும், நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ சவ்வு வெளியே தெரியாமலே கெட்டுவிடும். இறக்கிய நீர் தெருவில் போகக் கூடாது, சாக்கடைக்குத்தான். இங்கேதான் அந்த இரண்டாவது சொல் இல்லாமல் வாக்கியம் தடுமாறுகிறது.

மண்டபத்திலிருந்து:

கீழக்கரைக் காக்கா, இரண்டாவதற்கு ‘வடி ஐஸ்’ என்று வையுங்கள். வடிந்த நீர், வடிகால், வடிப்பு எல்லாம் பழகிய சொற்கள்.

முதலாவதற்கு ‘கள்ள ஐஸ்’. ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை இப்போது நம் மாவட்டக் கரைக்கும் வருகிறது. காற்றில்லாமல், மேகமில்லாமல், தூரத்து வீச்சில் திடீரென்று கரையேறுகிற அலைக்குக் கடற்கரை மக்கள் வைத்த பெயர். யுனெஸ்கோவும் 2012-இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயரில் நிறமோ உயரமோ இல்லை, தெரியாமல் வரும் என்பது மட்டுமே இருக்கிறது. கேட்டவுடன் ஆட்கள் படகை மேலே ஏற்றுகிறார்கள். பாதை ஐஸுக்கும் அதே குணம். ‘கண்ணாடி ஐஸ்’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். நம் தொழிலில் அது ஜன்னல்மேல் படிந்த ஐஸ் என்று ஆகிவிடும்.

ராமநாதபுரத்திலிருந்து:

தம்பியின் சொல் காதுக்கு எட்டுகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் இந்தக் கரையில் ‘கள்ளத்தோணி’ என்றொரு சொல்லும் இருக்கிறது. பிழைக்கப் போனவர்களை இழிவாக அழைக்கத் தலைமுறைகளாகப் பயன்பட்டது. பிழைக்கப் போகிறவர்களுக்கான கையேட்டில் அந்த அடைமொழி பக்கத்துக்குப் பக்கம் வர வேண்டுமா? ‘கள்ளநோட்டு’ மாதிரிப் ‘போலி ஐஸ்’ என்று பொருள்கொள்ளவும் இடமுண்டு. ‘மறை ஐஸ்’ என்றால் இந்த இரண்டு இடரும் இல்லை.

பாம்பனிலிருந்து:

ஐயாவின் கவலை நியாயமானது. அந்த வடுவை அறிந்தே சொல்கிறேன். கள்ளத்தோணியில் அடைமொழி மனிதர்மேல் விழுந்தது. இங்கே அது மனிதரை வீழ்த்துகிற பொருள்மேல் விழுகிறது. ‘மறை ஐஸ்’ கத்தும்போது ‘மற’ என்று தேய்ந்துவிடும். ‘கள்ள ஐஸ்’ அப்படித் தேயாது.

கீழக்கரையிலிருந்து:

ஐயாவின் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொண்டு, ‘மறை ஐஸ்’ என்று தேடுபவரும் இந்தப் பதிவுக்கே வரும்படி செய்துவிடுகிறோம். அகராதிப் பகுதிக்குப் போகும் வடிவம் இது:

கள்ள ஐஸ்: பாதை, படி, சாலைமீது நிறமில்லாமல் படிந்து ஈரம்போலத் தெரியும் மெல்லிய ஐஸ். அடியில் உள்ள தரையின் நிறத்தையே காட்டும். வடக்குச் சுவரோரம், சந்து, பாலம், கசியும் குழாயடி ஆகிய இடங்களில் முதலில் பார்க்க வேண்டும். காண்க: மறை ஐஸ், வடி ஐஸ்.

வடி ஐஸ்: துடைக்கும்போது சுவர், சன்னல் விளிம்பு, ஹோஸ் இணைப்பு ஆகியவற்றிலிருந்து வடிந்து தரையில் உறையும் நீர். உண்டாக்கியவரே கண்ணாடியில் தெறிக்காதபடி தூவுப்பு போட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் இடத்தைவிட்டு நகர வேண்டும்.

தூவுப்பு: ஐஸை உருக்கத் தரையில் தூவும் உப்பு. மணலைக் குறிக்காது.

சோதிக்கும் முறையையும் முதல் பதிவின் கீழே சேர்க்கிறோம்: ஈரமா ஐஸா என்று ஐயம் வந்தால் காலால் பார்க்கக் கூடாது. உலர்ந்த இடத்தில் நின்று கம்பின் அடிமுனையால் சுரண்ட வேண்டும். நீர் என்றால் விலகி மறுபடி கூடும். ஐஸ் என்றால் வெள்ளைக் கீறல் விழும்.