எட்ஜ் பிளர் (விளிம்பைக் கரைக்கும் அளவு) விஷயத்தில் இன்னும் உறுத்துகிற ஷாட் எது?

நைட்ஷிப்ட்காரன்:
ரோட்டோ (ஷாட்டில் ஆளைச் சுற்றிக் கோடு போட்டு, பின்னணியிலிருந்து பிரிக்கும் விஎஃப்எக்ஸ் வேலை; அந்தக் கோடுதான் ஷேப்) பண்ணுகிற எல்லோருக்கும் இப்படி ஒன்று இருக்கும். என்னுடையது ரயில்வே பிளாட்பாரம். ஹீரோயின் திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் வெயில். "எல்லா ஷேப்புக்கும் பிளர் 3" என்று டீம் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் சுற்றிக்கொண்டிருந்தது. அது முந்தைய 2கே ஷோவுக்குப் பேசிய எண். இந்த பிளேட் (கேமராவில் எடுத்த அசல் காட்சி) 4கே, அகலத்தில் இரண்டு மடங்கு பிக்சல். பிளர் பிக்சல் கணக்கு, அதே சாஃப்ட்னெஸ் வேண்டுமென்றால் இங்கே இரட்டிப்பாக வைக்க வேண்டும் என்று லீடிடம் சொன்னேன். "ஸ்டாண்டர்டை மாத்தாத, அனுப்பு" என்றார். அனுப்பினோம்.

ரீடேக் வந்தது. காம்ப் (பிரித்த ஆளை வேறு பின்னணியில் பொருத்தும் பிரிவு) பையன் மானிட்டரைத் திருப்பிக் காட்டினான். எங்கள் மேட்டுக்கு (ஷேப்பிலிருந்து வரும் கறுப்பு-வெள்ளை மறைப்பு, வெள்ளைதான் ஆள்) பின்னால், சோதித்துப் பார்க்கப் பளீரென்று பச்சை. தோள்பட்டை வரை குறை சொல்ல முடியாது. காது மடல் மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கி ஒட்டிய மாதிரி தனியாக நின்றது. பிளேட்டில் ஃபோகஸ் கண்ணில் இருக்கிறது, காது ஏற்கெனவே லேசாகக் கரைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண் போட்டால் எப்படி உட்காரும்? இப்போதும் யாராவது "ஸ்டாண்டர்ட்" என்றால் எனக்கு அந்தக் காதுதான் ஞாபகம் வருகிறது. உங்களுடையதைச் சொல்லுங்கள்.

போரூர்_பெயின்ட்:
எனக்குக் கை. டே ஷிப்ட் விட்டுப்போன ஃபைல். உடம்பு ஒரு ஷேப், கை ஒரு ஷேப், இரண்டும் தோளில் சரியாக ஒட்டி முடிகின்றன, இரண்டிலும் பிளர். ஆல்பாவில் (மேட்டை மட்டும் காட்டும் கறுப்பு-வெள்ளைப் படம்) பார்த்தால் சுத்த வெள்ளை. எங்கள் சூப்பர்வைசர் அக்கா எதுவும் பேசாமல் வியூவரில் காமாவை (நடுத்தர வெளிச்சத்தின் அளவு) இறக்கினார். அக்குளிலிருந்து தோள் வரை ஒரு சாம்பல் கோடு!

எல்லையில் ஒவ்வொரு ஷேப்புக்கும் 50 சதவீத வெள்ளைதான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் 100 வரும் என்று நினைப்போம், ஆனால் இரண்டாவது, மிச்சத்தில் பாதியைத்தான் மூடும், வருவது 75. மீதி 25 வழியாகப் பின்னால் இருப்பது தெரியும். கை ஷேப்பை உடம்புக்குள் நன்றாக உள்ளே தள்ளியதும் கோடு போய்விட்டது, ஐந்து நிமிட வேலை. ஆனால் டிரெய்லர் அதற்கு முன்னாலேயே வெளியாகிவிட்டது. அதில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. கமென்ட்டில் ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை, என் கண் மட்டும் நேராக அங்கேதான் போகிறது.

பெசியர்_வேண்டாம்:
ஃபோகஸ் மாறுகிற ஷாட். முன்னால் டம்ளர், பின்னால் அப்பா கேரக்டர். டம்ளர் ஷேப்பில் முதல் பிரேமில் பிளர் 2, கடைசியில் 30, நடுவில் லீனியர் (ஒரே வேகம்). ஃபோகஸ் புல்லர் (ஷூட்டிங்கில் லென்ஸின் ஃபோகஸைத் திருப்புகிறவர்) அப்படியா திருப்புவார்? மெதுவாகத் தொடங்கி, சட்டென்று போய், கடைசியில் தயங்கி நிறுத்தியிருக்கிறார். நடுவில் ஏழெட்டு பிரேமுக்கு டம்ளர் விளிம்பு ஒரு வேகத்தில் கரைகிறது, மேட் இன்னொரு வேகத்தில் கரைகிறது. அதோடு லென்ஸ் ப்ரீதிங்கில் (ஃபோகஸ் மாறும்போது படமே லேசாகப் பெரிதாவதும் சிறிதாவதும்) டம்ளரின் சைஸும் மாறுகிறது. பிளேபேக்கில் டம்ளர் மூச்சு விடுவது மாதிரியே இருந்தது. தியேட்டரில் எல்லோரும் அப்பாவைப் பார்த்து அழுதார்கள், நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனியர்_ஆனால்_ஜூனியர்_சம்பளம்:
@நைட்ஷிப்ட்காரன் தம்பி, 6 வைத்திருந்தாலும் அந்தக் காது தப்பாகத்தான் வந்திருக்கும். முதலில் பிளர் டைப்பைப் பார்த்தாயா? சில்ஹவுட் என்கிற ரோட்டோ சாஃப்ட்வேரில் இன்னர், சென்டர்ட், அவுட்டர் என்று மூன்று இருக்கிறது. இன்னர் என்றால் கோட்டிலிருந்து உள்பக்கம் கரையும். அவுட்டர் என்றால் கோடு வரை முழு வெள்ளை, அதற்கு வெளியே கரையும். சென்டர்டில் நீ போட்ட கோடு சரியாக 50 சதவீதத்தில் நிற்கும். பின்னால் வெயில் அடிக்கிற ஷாட்டில் அவுட்டர் வைத்தால் பழைய பேக்கிரவுண்ட் வெளிச்சம் விளிம்போடு சேர்ந்து வரும். அதனால் சென்டர்ட்தான்.

என் கதை சின்னது. சண்டைக் காட்சி, ஹீரோ குத்துகிறார், முஷ்டிக்கு பிளர் 14 என்று யாரோ வைத்திருந்தார்கள். குத்து விழுந்து கை நிற்கிற அந்த ஒரு பிரேமில் விரல் முட்டி, மோதிரம் எல்லாம் கூர்மையாகத் தெரிகிறது, மேட் மட்டும் பஞ்சாக இருக்கிறது. டைரக்டர் பாஸ் பண்ணி நிறுத்தியது அதே பிரேமில்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அசைவுக்கு ஷேப் பிளரைத் தொடாதீர்கள், மோஷன் பிளரை (அசைவின் திசையில் மட்டும் இழுக்கும் பிளர்) போடுங்கள். கை இடமிருந்து வலம் போனால் முன் விளிம்பும் பின் விளிம்பும்தான் இழுபடும், மேலும் கீழும் கூர்மையாகவே இருக்கும். ஷேப் பிளருக்கு அந்தத் திசையெல்லாம் தெரியாது, சுற்றிலும் ஒரே மாதிரி கரைத்துவிடும். 24 பிரேமில் 180 டிகிரி ஷட்டர் (பிரேம் நேரத்தில் பாதி திறந்திருப்பது) என்றால் எக்ஸ்போஷர் 1/48 செகண்ட், அங்கிருந்து தொடங்குங்கள். ஃபேஸ் (ஷட்டர் எப்போது திறக்கிறது என்கிற அமைப்பு) -90 வைத்தால் பிளர் பிரேமுக்கு இரண்டு பக்கமும் சமமாக விழும், 0 வைத்தால் மேட் முன்னால் ஓடும். ஷேப்பையும் இழுபட்ட பட்டையின் வெளி விளிம்பில் வரையாமல் நடுவில் வரையுங்கள், இல்லாவிட்டால் பிளரின் மேல் பிளர். அசைவு திசை மாறுகிற பிரேமில் கீ (அந்த பிரேமுக்கு ஷேப்பைக் கையால் வைத்துப் பதிவது) கட்டாயம். அப்புறம், பிரேமை விட்டு வெளியே போகிற ஷேப்பை பிரேம் ஓரத்திலேயே முடிக்காதீர்கள். அங்கேயும் பிளர் உள்ளே கரைந்து, ஓரத்தில் ஒரு பட்டை ஓட்டையாகும். வெளியே தாராளமாக இழுத்துவிடுங்கள். இது எதுவும் டிரெயினிங்கில் சொல்வதில்லை.

நைட்ஷிப்ட்காரன்:
@சீனியர் அண்ணா, டைப் சென்டர்ட்தான். கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். மோஷன் பிளருக்கும் என் காதுக்கும் என்ன சம்பந்தம்? காது தப்பான பிரேம்களில் அவள் திரும்பி முடித்து நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

காம்ப்_மேசை:
ரோட்டோ ஆட்கள் சண்டையில் நடுவே வருகிறேன், மன்னிக்கவும். "அதனால் சென்டர்ட்தான்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கோட்டை எங்கே போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது அது. கரைகிற பகுதியின் நடுவில் போட்டால் சென்டர்ட், கெட்டியான பகுதி முடிகிற இடத்தில் போட்டால் அவுட்டர், இரண்டும் ஒரே மேட்டைத்தான் தரும். முடிக்கற்றை மாதிரி மெல்லிய ஷேப்பில் இன்னரோ சென்டர்டோ வைத்தால் அகலத்தை விட பிளர் பெரிதாகி நடுப்பகுதிகூட முழு வெள்ளைக்கு வராது. எனக்கு அப்படி வந்த ஒரு பின்னலில் பாதி, வானத்தில் பேய் மாதிரி தெரிந்தது.

நைட்ஷிப்ட்காரனின் காதுக்கு எண்ணும் வேண்டாம், டைப்பும் வேண்டாம். காதைத் தனி ஷேப்பாகப் பிரிக்க வேண்டும், அல்லது அந்தப் பாயின்ட்டுகளை மட்டும் ஃெபதர் பண்ண (விளிம்பை அந்த இடத்தில் மட்டும் கரைக்க) வேண்டும். நியூக்கில் (எங்கள் காம்ப் சாஃப்ட்வேர்) ஃபெதரை நானே பாயின்ட் பாயின்ட்டாக இழுத்துவிடுவேன், ஆனால் பேக் பண்ணி ஈஎக்ஸ்ஆராக (ஷேப்பை மாற்ற முடியாத வெறும் படக் கோப்பாக) அனுப்பினால் நான் என்ன செய்ய முடியும்? ஷேப்பாகவே கொடுங்கள்.

போரூர்_பெயின்ட்:
ஷேப்பாகக் கொடுத்தால் "சாஃப்ட்னெஸ் மேட்ச் ஆகவில்லை" என்று திருப்பி அனுப்புவதும் காம்ப் ஆட்கள்தான். ஒரு சாஃப்ட்வேர் பிளர் இன்னொன்றில் அப்படியே உட்காராது என்று தெரிந்தும்.

சீனியர்_ஆனால்_ஜூனியர்_சம்பளம்:
@காம்ப்_மேசை நான் அவுட்டரே கூடாது என்று எங்கே சொன்னேன்? வெயில் அடிக்கிற ஷாட் என்றுதான் எழுதியிருக்கிறேன். மேலே போய்ப் படியுங்கள்.