ஒம்பூட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) சொல்லியும் மருத்துவமனை அசையவில்லை, அடுத்து என்ன செய்யலாம்?

வணக்கம். இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மீது புகார் கொடுத்துக் கடைசிவரை போய்ப் பார்த்த அக்கா, அண்ணாமார் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

அம்மா வார்டில் இருந்தபோது இரண்டு இரவு இன்சுலின் போடவில்லை. மருந்துத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது, அந்த இரண்டு கட்டங்களும் கையெழுத்தில்லாமல் வெறுமையாகக் கிடக்கின்றன. சுகாதாரச் சேவை ஒம்பூட்ஸ்மன் எங்கள் புகாரை ஏற்று, மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், அப்புறம் மூன்று மாதத்துக்குள் என்னென்ன மாற்றினார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஐந்து மாதம் ஆகிவிட்டது, ஒரு வரிகூட வரவில்லை.

1993 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரால் பரிந்துரைக்க முடியும், கட்டாயப்படுத்த முடியாது. அநீதி சரிசெய்யப்படாவிட்டால் நாடாளுமன்றத்தில் சிறப்பு அறிக்கை வைக்கலாம், அவ்வளவுதான். மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் சிக்யூசிக்கு எச்சரிக்கை நோட்டீஸ் கொடுக்கவும் வழக்குப் போடவும்கூட அதிகாரம் உண்டு, ஆனால் தனி ஆளின் புகாரைத் தீர்த்துவைப்பது அதன் வேலை இல்லை. சரி, அப்படியானால் யாரிடம்தான் போவது?

எம்.பி.க்கு எழுதி யாருக்காவது பலன் கிடைத்ததா? கடிதத்தில் எதை முதலில் வைத்தீர்கள்? எங்களுக்குப் பணம் வேண்டாம், அதே கட்டிலில் அடுத்து படுப்பவருக்கு ஊசி தவறக்கூடாது.