கால்பந்தில் முன்கள வீரனாக வேண்டும் என்னும் 16 வயது மகன்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

தேவகோட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு வயது 16. பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்துப் படிக்கிறான். எட்டு வயதில், கோடையில் வற்றிய கண்மாய்க்குள் இரண்டு கற்களைக் கோல் கம்பமாக வைத்து ஆடத் தொடங்கியவன், இப்போது பள்ளி அணியிலும் காரைக்குடியில் ஒரு கால்பந்துச் சங்கத்திலும் முன்களத்தில், அதாவது கோல் அடிக்கும் இடத்தில், ஆடுகிறான். சென்ற ஆண்டு பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் அவனுடைய அணி அடித்த கோல்களில் பாதிக்கு மேல் அவன் அடித்தவை. மற்றப் பிள்ளைகளைவிட வேகமாக ஓடுகிறான் என்பது எனக்கே தெரிகிறது. அதற்கு மேல் ஆட்டத்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது.

கண்டனூரிலிருந்து சென்ற சிவசக்தி நாராயணன் பெங்களூரு அணிக்கு ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதல், தானும் அப்படித் தொழில்முறை வீரனாக வேண்டும் என்கிறான். இவ்வளவு பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் போயிருக்கும்போது, இவன் பேச்சைச் சிறுபிள்ளை ஆசை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவன் அப்பா, பொறியியல் படித்துவிட்டுப் பிறகு எதை வேண்டுமானாலும் ஆடட்டும் என்கிறார். அவன் அப்பத்தாவுக்கோ, பேரன் காலை ஒடித்துக்கொண்டு வந்துவிடுவான் என்ற கவலை ஒன்றுதான்.

ஒரு முன்கள வீரனின் தொழில் வாழ்க்கை உண்மையில் எப்படிப்பட்டது, எத்தனை ஆண்டு நீடிக்கும், இந்த வயதில் அடிக்கும் கோல்களை நம்பி முடிவு எடுக்கலாமா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள். அவனுக்கு நாங்கள் சொல்லும் பதில் நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன்.

செம்மண் திடல்

வணக்கம் அம்மா. நானும் காரைக்குடிப் பக்கத்துப் பொட்டலில் ஆடி, சென்னை லீக்கில் சில ஆண்டுகள் முன்களத்தில் நின்று, இப்போது உடற்கல்வி ஆசிரியராக இருப்பவன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். 16 வயதில் அடிக்கும் கோல்களை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. இந்த வயதில் சில பிள்ளைகள் முன்னதாகவே வளர்ந்துவிடுவதால், பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினாலே தடுப்பாட்டக்காரர்கள் பின்தங்கிவிடுவார்கள், கோலும் விழும். 19 வயதில் எதிரில் நிற்பவர்களும் அதே வேகத்தில் ஓடுவார்கள். எனக்கு நேர்ந்தது அதுதான். பள்ளியில் நான் அடித்த கோல்களை எண்ணி ஊரே பேசியது. சென்னைக்குப் போன முதல் பருவத்தில், கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, பின்னால் ஒருவன் இடித்துக்கொண்டிருக்கும்போது பந்தை வாங்கி நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. வேகம் இருந்ததால் கற்கும் தேவையும் வரவில்லை. அந்தப் பருவம் முழுவதையும் மாற்று வீரர்களின் பலகையில் கழித்தேன்.

ஆகவே அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் உங்கள் மகனை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று அறிந்துகொள்கிறானா? பந்து தனக்கு வராது என்று தெரிந்தும், தடுப்பாட்டக்காரனைத் தன்னோடு இழுத்துச் சென்று தோழனுக்கு இடம் உண்டாக்கித் தருகிறானா? இடக்காலால் உதைக்கத் தயங்குகிறானா? எல்லாவற்றையும்விட, கண்ணெதிரில் இருந்த வாய்ப்பைத் தவறவிட்ட பிறகு வரும் ஐந்து நிமிடத்தில் அவன் என்ன செய்கிறான்? உயர்மட்ட ஆட்டத்திலேயே ஏறத்தாழப் பத்து உதையில் ஒன்றுதான் கோலாகிறது. மீதி ஒன்பதையும் தாங்கிக்கொண்டு, பத்தாவதற்கு அதே இடத்துக்கு அதே நம்பிக்கையோடு ஓடுகிறவனே இந்தத் தொழிலில் நிற்கிறான்.

இந்திய அணியின் முன்கள வீரர் சுனில் சேத்ரியின் பாதையைப் பாருங்கள். உயரம் 170 சென்டிமீட்டர்தான், ஆனாலும் தலையால் எத்தனையோ கோல்கள் அடித்திருக்கிறார். பந்து எங்கே இறங்கும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே கணித்து, சரியான நொடியில் எழும்புவார். 2002இல் மோகன் பகானில் தொடங்கி, ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், டெம்போ என்று சங்கம் மாறிக்கொண்டே இருந்தார். 2005இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் பன்னாட்டு ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2008 ஆகஸ்டில் டெல்லியில் நடந்த ஏ.எஃப்.சி. (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் அடித்த மூன்று கோல்கள்தான் இந்தியாவை 2011 ஆசியக் கோப்பைக்குள் கொண்டு சென்றன. அப்படிப்பட்டவருக்கே 2009இல் இங்கிலாந்தின் கியூ.பி.ஆர். சங்கத்தில் சேரும் வாய்ப்பு, பணி அனுமதி கிடைக்காமல் கைநழுவியது. இந்திய அணி உலகத் தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இல்லாததே காரணம். 2010இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி சங்கத்துக்கும், 2012இல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் சங்கத்தின் இரண்டாம் அணிக்கும் போனார். இரண்டு இடங்களிலும் நிலைபெற முடியாமல் திரும்பினார். 2013இல் பெங்களூருவில் சேர்ந்த பிறகே வேரூன்றினார். அங்கும், நடுவில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மிக்கு நின்ற பருவத்தில், இடது ஓரத்துக்கு மாறி ஆடினார். நாட்டுக்காக 94 கோல்கள் அடித்துவிட்டு 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் விடைபெற்றவர், 2025 மார்ச்சில் திரும்ப அழைக்கப்பட்டு, மாலத்தீவுக்கு எதிராக 95ஆவது கோலையும் அடித்தார்.

சிவசக்தியின் கதையிலும் உங்கள் மகன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் பெங்களூருவின் இரண்டாம் அணியில் ஆடி மேலே வந்தவர். 2022 துராந்து கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பை அணிக்கு எதிராக முதல் கோலை அடித்தார், 2022-23 ஐ.எஸ்.எல். (இந்திய சூப்பர் லீக்) பருவத்தில் வளரும் வீரருக்கான விருதையும் பெற்றார். அதே பருவத்தின் இறுதி ஆட்டத்தில், கோவாவில், தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயம்பட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக இறங்கியவர் 38 வயது சேத்ரி. அன்று நான் தொலைக்காட்சி முன் அமர்ந்து அழுதேன் என்பதை மறைக்க மாட்டேன். நம் மண்ணின் பிள்ளை அவ்வளவு தூரம் போய், அந்த ஆட்டத்தைப் பலகையிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

எண்ணிப் பார்ப்பவன்

செம்மண் திடல் அண்ணன் சொன்ன ஆட்ட நுணுக்கங்களில் எனக்கு மாறுபாடு இல்லை. சேத்ரியை அளவுகோலாக வைப்பதில்தான் மாறுபடுகிறேன். 40 வயதில் ஒரே பருவத்தில் 14 கோல் அடித்த மனிதரைக் காட்டி ஒரு தாய்க்கு வழி சொல்லக் கூடாது. வேகத்தை நம்பும் முன்கள வீரர்கள் பெரும்பாலோர் 30ஐத் தாண்டியதும் சரியத் தொடங்குகிறார்கள். பின்தொடைத் தசை ஒருமுறை கிழிந்தால் மறுமுறை கிழிவது எளிது. முழங்கால் தசைநார் அறுந்தால் ஒரு பருவமே போய்விடலாம்.

இன்னொரு உண்மையும் உண்டு. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை நடந்த 11 பருவங்களிலும் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஓர் இந்தியர்கூடப் பெற்றதில்லை. கோல் அடிக்கும் பொறுப்பைச் சங்கங்கள் வெளிநாட்டவரிடம் கொடுக்கின்றன. அதனால் நம் பிள்ளைகள் ஓரங்களுக்கும் நடுக்களத்துக்கும் தள்ளப்படுகிறார்கள். முன்களம் தவிர வேறு எங்கும் நிற்க மாட்டேன் என்கிற பையனுக்கு இந்த நாட்டில் இடம் மிகக் குறுகியது.

வருமானமும் உறுதியானதன்று. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டபோது, சில சங்கங்கள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. முதல்தர வீரர்களே எப்போது ஆடுவோம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் எங்கும் அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கானாடுகாத்தான் பெரியவர்

தாயே, நான் பந்து ஆடியவன் அல்லன். பேரனுக்காக இந்த வழியில் நான்கு ஆண்டு அலைந்தவன். ஒப்பந்தம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் ஐயா பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் எடுபிடியாக, பர்மாவுக்குப் போனவர். பிறகு அடுத்தாள் என்னும் உதவியாளர் ஆனார், அதன் பிறகே கடையை நடத்தும் ஏஜெண்டு ஆனார். மூன்று ஆண்டு வேலை ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்பி, முதலாளி மறுபடி அனுப்புவாரா என்று காத்திருக்க வேண்டும். பந்தாட்டக்காரன் வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது என்பதைப் பேரனோடு அலைந்தபோது கண்டேன். 18 வயது நிரம்பாதவனோடு மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. வயது வந்தவனுக்கும் பெரும்பாலும் ஐந்து ஆண்டுதான் எல்லை. ஆகவே யாராவது நீண்ட காலத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

எங்களிடம் ஒருவர் வந்தார். பெரிய சங்கத்தின் தேர்வு முகாமில் நேரே சேர்த்துவிடுவதாகச் சொல்லி முன்பணம் வாங்கினார். நான் நகை அடகு வைத்துக் கொடுத்தேன். முகாமும் இல்லை, ஆளும் இல்லை. பையன் ஓராண்டு யாரோடும் சரியாகப் பேசவில்லை. பணத்தை மறந்துவிட்டேன், அந்த ஓராண்டை மறக்க முடியவில்லை. நல்ல சங்கம் நல்ல வீரனைத் தேர்வு செய்யக் காசு கேட்காது. மாறாக, விதிப்படி 12 வயது முதல் 21 வயது வரை பயிற்சி கொடுத்த சங்கங்களுக்குத்தான், அவன் தொழில்முறை வீரனாகும்போது ஈட்டுத்தொகை போய்ச் சேர வேண்டும். அதனால் உங்கள் மகன் ஆடும் காரைக்குடிச் சங்கம் அவனை முறையாகப் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு நாள்கூட மாற்றச் சம்மதிக்காதீர்கள். வயதைக் குறைத்தால் நல்லது என்று ஆசை காட்டுகிறவர்கள் வருவார்கள்.

தேவகோட்டை வாசகி

அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் நடந்த ஆட்டத்தில் செம்மண் திடல் அவர்கள் சொன்னபடி மகனை மட்டும் பார்த்தேன். தோளுக்குப் பின்னால் அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இடக்காலுக்கு வந்த இரண்டு பந்துகளையும் வலக்காலுக்கு மாற்றப் போய் இழந்தான். ஆனால் கோல் காப்பாளர் மட்டும் எதிரில் நின்ற வாய்ப்பை வெளியே அடித்த பிறகு, நடுக்களம் வரை ஓடிப்போய்ப் பந்தைப் பறித்துத் தோழனுக்குக் கொடுத்தான். இத்தனை ஆண்டு பார்த்தும் இது என் கண்ணில் பட்டதே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் அதைச் சொன்னேன். கோலைப் பற்றிப் பேசாமல் அதைப் பற்றிப் பேசியதில் அவனுக்கு ஒரே வியப்பு.

பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பை விடுவதில்லை என்று வீட்டில் மூவரும் ஒத்துக்கொண்டோம். சங்கத்தின் பதிவைப் பற்றி நாளை நேரில் கேட்கப் போகிறேன். மேலும் ஒன்று கேட்க வேண்டும்: தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கத்தை 16 வயதுக்குப் பிறகு கற்றுக்கொள்ள முடியுமா?

செம்மண் திடல்

முடியும் அம்மா, ஆனால் தினமும் செய்ய வேண்டும். ஒரு சுவரின் மேல் பந்தை உதைத்து, அது திரும்பி வரும் இடைவெளியில் பின்னால் நிற்கும் ஒருவர் விரல்களைக் காட்ட, தம்பி திரும்பிப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் பந்தை நிறுத்த வேண்டும். முதல் வாரம் வலக்கால், அடுத்த வாரத்திலிருந்து இடக்கால் மட்டும். காலையில் பள்ளிக்குப் போகுமுன் 20 நிமிடம் போதும். பந்து தெரியாதவர்களும் விரல் காட்டலாம். நீங்களோ அவன் அப்பத்தாவோ நின்றாலும் சரி. இரண்டு மாதம் கழித்து, தம்பியை ஒரு ஞாயிறு காலை எங்கள் பள்ளித் திடலுக்கு அழைத்து வாருங்கள். என் பழைய மாணவர்களில் இரண்டு தடுப்பாட்டக்காரர்களை அவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்துகிறேன்.