தம்பிக்கு 60 சதவீதம் கார்டு இருக்கு, மாசப் பணத்துக்கு எந்த ஆபீஸ் போகணும்?

திருப்பூர்_தையல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு விருதுநகர் பக்கம் ஒரு கிராமம், நான் திருப்பூர்ல வேலை. தம்பிக்கு 22 வயசு, மனவளர்ச்சி குறைபாடு, ஜிஹெச்ல டாக்டருங்க பாத்து 60 சதவீதம்னு போட்டு யுடிஐடி கார்டும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வந்துருச்சு. பக்கத்து தெருவுல ஒரு பொண்ணுக்கு மாசம் 2000 வருது. எங்கம்மா தாலுகா ஆபீஸ்ல கேட்டா 1500தான்ங்கிறாங்க, இன்னொருத்தர் 75 சதவீதம் இருந்தாத்தான் கிடைக்கும்னு திருப்பி அனுப்பிட்டாரு. ரெண்டு நாள் கூலிய விட்டுட்டு அலைஞ்சதுதான் மிச்சம். யாராச்சும் வெவரமா சொல்லுங்க.

மூணுசக்கரம்:
தம்பி, உங்கம்மா கேட்டதும் தப்பில்ல அவங்க சொன்னதும் தப்பில்ல, ஆபீஸ்தான் மாறிப்போச்சு. 1500ங்கிறது வருவாய்த்துறை குடுக்குற பென்ஷன், அது தாலுகா வழியா வர்றது. 2000ங்கிறது பராமரிப்பு உதவித்தொகை, அத குடுக்குறது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், 2023 ஜனவரியில இருந்து 2000 ஆக்குனாங்க. இவங்களுக்கும் தாலுகாவுக்கும் சம்பந்தமே இல்ல, அங்க போய் இத கேட்டா இப்படித்தான் பதில் வரும். அந்த 75 சதவீதக் கணக்கு என்னைய மாதிரி கை கால் பாதிச்சவங்களுக்கு, மனவளர்ச்சி குறைபாட்டுக்கு 40 இருந்தாலே போதும், உங்க தம்பிக்கு 60 இருக்கு. யுடிஐடி, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் ரெண்டு செட் எடுத்துட்டுப் போங்க, மனு குடுத்தா கையோட ரசீது வாங்கிருங்க, அது இல்லாம வெளிய வராதீங்க. ஆனா ரெண்டு பணத்துல ஒண்ணுதான் வாங்க முடியும், தாலுகாவுல ஏற்கனவே மனு போட்டிருந்தா அத இங்க மறைக்க வேணாம்.

கருப்பட்டி_அக்கா:
என் மகனும் இதே மாதிரிதான், இப்ப 26. மேல சொன்னதுல ஒண்ணு சேத்துக்கிறேன், பேங்க் கணக்கு இருக்கா தம்பிக்கு? எங்களுக்கு அதுலதான் ஆறு மாசம் போச்சு, பையன் கையெழுத்துப் போட மாட்டான், நான் அம்மான்னு சொன்னாலும் 18 முடிஞ்சிருச்சு நீங்க கார்டியன் இல்லைன்னுட்டாங்க. பெத்தவளுக்கே சர்டிபிகேட் வேணுமான்னு அழுகையே வந்துருச்சு போங்க. அப்புறந்தான் தெரிஞ்சுது, நேஷனல் டிரஸ்ட்னு 1999ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல கலெக்டர் இருக்குற உள்ளூர் கமிட்டிதான் சட்டப்படி காப்பாளர்னு ஆர்டர் போடும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சி குறைபாடு, பல குறைபாடு சேர்ந்தது, இந்த நாலுக்குத்தான் அது. நிராமயானு ஒரு லட்ச ரூபா வரைக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கு, அதுவும் இவங்களுக்குத்தான். ரெண்டையும் சேத்தே ஆரம்பிச்சுருங்க.

திருப்பூர்_தையல்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. கணக்கு இல்லக்கா, ஸ்கூல்ல படிச்சப்ப போட்டது ஒண்ணு கிடக்கு, அம்மாவும் சேந்து இருக்குற மாதிரின்னு நெனைக்கிறேன். ஒரு சந்தேகம், மனு குடுக்க தம்பிய நேர்ல கூட்டிட்டுப் போகணுமா? பஸ்ல கூட்டத்தப் பாத்தா கத்துவான்.

மூணுசக்கரம்:
முதல் தடவை அம்மா மட்டும் கார்டோட போய் கேக்கட்டும், பாக்கணும்னு சொன்னா அப்புறம் கூட்டிட்டுப் போலாம். சாதாரண கட்டண டவுன் பஸ்ல தம்பிக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் கிடையாது, கார்டக் காட்டுனா போதும். அங்கயும் இழுத்தடிச்சா திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க, எனக்கு அப்படித்தான் நகந்துச்சு.

கருப்பட்டி_அக்கா:
அந்தப் பழைய பாஸ்புக்க மொதல்ல தேடி எடுத்து கணக்கு உயிரோட இருக்கான்னு பாருங்க. பணம் வர ஆரம்பிச்சப்புறம் வருஷா வருஷம் ஆயுள் சான்று கேப்பாங்க, என் மகனுக்கு அத மறந்து மூணு மாசம் நின்னுபோச்சு.

திருப்பூர்_தையல்காரன்:
அம்மாட்ட போன்ல சொல்லிட்டேன், பாஸ்புக்கு அரிசிப் பானைக்குள்ள இருக்காம் 😀 செவ்வாக்கிழம போறாங்க.