எம்35ஏ2 லாரி: ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ‘டக்’, அதோடு சரி

டீசல்பித்து:
பழைய ராணுவ லாரி, மல்டிஃப்யூயல் (பல வகை எரிபொருளில் ஓடும்) எஞ்சின். 12 வோல்ட் பேட்டரி இரண்டு சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து), ஆக 24 வோல்ட். ஸ்விட்ச் நெம்புகோலைத் திருப்பினால் கேஜ் முள் எழுகிறது, டேங்குக்குள் பம்ப் முனகுகிறது, காற்றழுத்த பஸ்ஸர் காதைக் கிழிக்கிறது. பட்டனை அழுத்தினால் மட்டும் ஒரே ஒரு ‘டக்’. எஞ்சின் அசைவதில்லை. பேட்டரி 25.3 காட்டுகிறது. அப்போ ஸ்டார்ட்டர் மோட்டார்தானே? அதன் கனத்தை நினைத்தால் கழற்றவே மனசு வரவில்லை.

ஸ்பானர்செட்:
சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் காந்த ஸ்விட்ச்) காண்டாக்ட் கரிந்திருக்கும். மோட்டாரை இறக்கிவிடுங்கள்.

கிரீஸ்கை:
இறக்காதீர்கள், இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. 25.3 என்பது சும்மா நிற்கும்போது வந்த அளவு. கரண்ட் இழுக்க எதுவும் இல்லாவிட்டால் செத்த பேட்டரியும் நல்ல பிள்ளைதான்.

நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சின் ஸ்டாப் குமிழையும் வெளியே இழுத்துவிடுங்கள். இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லி, அழுத்தியிருக்கும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அளந்தால் நோயாளி யாரென்று தெரியாது. 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தப் பேட்டரி மீது சந்தேகம்.

அப்புறம் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் இணைப்பு. எர்த்தில் மாட்டிய பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் (முனைக்கும்) ஸ்டார்ட்டர் பாடிக்கும் நடுவே, பட்டன் அழுத்திய நிலையில், அரை வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. மீட்டர் முனை ஈயப் போஸ்ட்டிலேயே படட்டும், கிளாம்பில் வேண்டாம். கிளாம்புக்கும் போஸ்ட்டுக்கும் இடையில் பூத்த உப்பு அப்போதுதான் மாட்டும். பேட்டரியும் எர்த்தும் பாசிட்டிவ் கேபிளும் சரி, அப்படியும் சுற்றவில்லை என்றால் ஸ்பானர்செட் சொன்னதைச் செய்யலாம்.

ஒரு கேள்வி: முன்பு வைத்திருந்தவர் ரேடியோ, விளக்கு எதற்காவது ஒற்றைப் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறாரா?

டீசல்பித்து:
எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! கேபின் ஃபேனுக்கு ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் போகிறது. அளவு: மேல் பேட்டரி 11.6, ஃபேன் மாட்டிய பேட்டரி 6.1. எர்த் 0.2 தான், அந்தப் பக்கம் சுத்தம்.

கிரீஸ்கை:
அந்த ஃபேன்தான் காரணம். ஆல்டர்னேட்டர் மொத்தம் 28 வோல்ட்டைத்தான் பார்க்கும். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்காது. ஃபேன் தின்ற பேட்டரி நிறையாமலே கிடக்கும், மற்றது அதிகம் ஏறித் தண்ணீர் வற்றும். ஜோடியாகவே மாற்றுங்கள், புதிதையும் பழையதையும் சீரிஸில் கட்டினால் இதே கதைதான். ஃபேனுக்கு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

அந்த 0.2-ஐ மட்டும் இப்போதே நம்ப வேண்டாம். மோட்டார் இழுத்த கரண்ட் குறைவு, அதனால் டிராப்பும் (வழியில் இழக்கும் வோல்ட்டும்) குறைவு. புதுப் பேட்டரி போட்டதும் எர்த்தை மறுபடி அளந்து எழுதுங்கள்.