ராத்திரி சைக்கிளுக்கு எந்த லைட்? பாம்பன் - வேதாளை ரோட்டுக்குச் சொல்லுங்க

வேதாளை_ராத்திரி:
பாம்பன்ல ஐஸ் கம்பெனி வேலை. ராத்திரி பதினோரு மணி வாக்குல முடியும். பாலம் ஏறி, மண்டபம் தாண்டி, வேதாளைக்கு சைக்கிள்லதான் வீட்டுக்கு வரேன். இப்போதைக்கு செல்போன் டார்ச்சை ஹேண்டில்பார்ல கட்டி ஓட்டுறேன். ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள்ள லைட் வாங்கணும். கடையில வெளிச்ச அளவை 1000 லூமன், 2000 லூமன்னு காட்டுறாங்க. சார்ஜ் லைட்டா, டைனமோவா? இந்தப் பக்கம் ஓட்டுறவங்க சொல்லுங்க.

கீழக்கரை_பாய்:
யோசிக்கவே வேணாம் தம்பி, சார்ஜ் லைட்தான். நான் கீழக்கரையிலேருந்து ஏர்வாடிப் பக்கம் விடியறதுக்கு முன்னாடியே கிளம்புறவன். பல இடத்துல தெருவிளக்கு இல்ல, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ரோட்டு மேல சாஞ்சு கிடக்கும். சூடு ஆறாத தார்ல கறுப்பு மாடு படுத்திருக்கும். முகம் நம்ம பக்கம் இருந்தா கண்ணு ரெண்டும் மின்னும், தப்பிச்சோம். முதுகைக் காட்டிப் படுத்திருந்தா மாடுன்னே தெரியாது, ரோடு அந்த இடத்துல கொஞ்சம் மேடா இருக்குன்னுதான் தோணும். அங்க வெளிச்சம் நிறைய வேணும். லூமன் எவ்வளவு கூடக் கிடைக்குதோ அவ்வளவு வாங்கு.

தேவிபட்டினம்_டைனமோ:
பாய் சொல்ற மாடு உண்மை. லூமன் கணக்குதான் இடிக்குது. நான் சைக்கிள் கடை வச்சிருக்கேன், இந்த லைட்டுகளைப் பிரிச்சுப் பார்க்கிறது எனக்கு அன்றாட வேலை.

அட்டைப்பெட்டியில 2000 லூமன், 6 மணி நேரம்னு போட்டிருப்பான். உள்ள இருக்கிறது 18650ன்னு சொல்ற உருளை லித்தியம் பேட்டரி செல் ஒண்ணே ஒண்ணு. 3.7 வோல்ட், 2600 எம்ஏஎச்னு வச்சுக்க, பெருக்கினா ஏறக்குறைய 9.6 வாட் அவர், அதாவது 9.6 வாட்டை ஒரு மணி நேரம் தர்ற சார்ஜ். எல்ஈடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருதுன்னாலும் 1000 லூமனுக்கு 10 வாட் போயிரும். அதாவது 1000 லூமனே ஒரு மணி நேரம் முழுசா நிக்காது. அப்புறம் 2000 லூமன் எப்படி 6 மணி நேரம் எரியும்? ஒண்ணு லூமன் பொய், இல்லாட்டி நேரம் பொய்.

அடுத்தது உப்புக்காத்து. சார்ஜ் போடுற ஓட்டையை மூடுற ரப்பர் மூடி கொஞ்ச நாள்ல தளர்ந்துரும். பின்னுல பச்சையா களிம்பு பூத்துரும். லைட் நல்லா இருக்கும், சார்ஜ் ஏறாது. டைனமோவுல அந்தத் தொல்லை இல்ல. 6 வோல்ட், 3 வாட். முன்னாடி 2.4, பின்னாடி 0.6. மிதிச்சா எரியும்.

கீழக்கரை_பாய்:
அண்ணே, உப்புக்காத்து டைனமோவை மட்டும் விட்டுருமா? டயர்ல உரசுற டைனமோவுக்கு ஒத்தை வயர்தான், எர்த் ஃப்ரேம் வழியாப் போகுது. அந்த ஸ்க்ரூ துருப்பிடிச்சா மின்சாரம் திரும்ப வழி இல்ல, லைட் செத்துரும். ஐப்பசி கார்த்திகை மழையில நனைஞ்ச டயர் மேல உருளை வழுக்கும். அதோட இந்தத் தம்பி பாலம் ஏறணும். நடுவுல மேடு, பக்கவாட்டுக் காத்து. சைக்கிள் நடக்கிற வேகத்துக்கு வந்துரும், டைனமோவும் மங்கிரும். வெளிச்சம் ரொம்பத் தேவைப்படுற நேரத்துல அது கைவிட்டா எதுக்கு?

தேவிபட்டினம்_டைனமோ:
பழைய குண்டு பல்பு மங்கும், சரி. எல்ஈடி போட்ட டைனமோ லைட் மெதுவா மிதிச்சாலும் எரியும். நின்னாலும் கொஞ்ச நேரம் அணையாம இருக்க உள்ள மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர் வச்சதும் வருது. எர்த்துக்குத் தனி வயர் இழுத்து, முனையில கிரீஸ் தடவினா துரு அண்டாது. பத்து நிமிஷ வேலை.

தங்கச்சிமடம்_லோடு:
நான் மீன் லாரி ஓட்டுறவன். நீங்க ரெண்டு பேரும் முன்லைட்டைப் பத்தியே பேசுறீங்க. தம்பி மாட்டைப் பார்க்கிறது இருக்கட்டும், நான் தம்பியைப் பார்க்கணுமே.

60 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 17 மீட்டர் போகுது. பின்னாடி சிவப்பு லைட் 200 மீட்டர்லயே தெரிஞ்சா எனக்கு 12 செகண்ட் கிடைக்கும். ஒதுங்கிப் போயிருவேன். வெறும் சைக்கிள், ஆளும் கறுப்புச் சட்டைன்னா, எதிர்ல ஒரு பஸ் ஹைபீம்ல வர்ற நேரம் பக்கத்துல வந்தப்புறம்தான் உருவமே தெரியும். அப்ப பிரேக்கை மிதிச்சுப் பிரயோஜனம் இல்ல. ராமேஸ்வரத்துக்கு விடிய விடிய ஓட்டிட்டு வர்ற வெளியூர் வேன்காரனுக்கு இந்த ரோடும் தெரியாது, கண்ணுல தூக்கம் வேற.

பாய் சொல்ற மாதிரி லூமன் கூடின லைட், வட்ட டார்ச் மாதிரி இருந்தா, எதிர்ல வர்ற எங்க கண்ணுல நேரா அடிக்குது. அது வந்தா ரோட்டோட இடது ஓரமே எனக்குத் தெரியாது. அந்த ஓரத்துல இன்னொரு சைக்கிள் போய்க்கிட்டு இருக்கலாம்.

கீழக்கரை_பாய்:
நீங்க ஹைபீம் போட்டுக்கிட்டு எங்களைச் சொல்றது நியாயமா? சைக்கிளைப் பார்த்தா யாரு டிப் அடிக்கிறா? எங்க லைட் பலமா இருந்தாத்தான் எதிர்ல இருக்கிறவர் கையே சுவிட்சுக்குப் போகுது.

தங்கச்சிமடம்_லோடு:
டிப் அடிக்காதவன் மேல எனக்கும் கோவம்தான் பாய். ஆனா அவன் கண்ணைக் கூச வச்சா அவன் பார்வையும் போயிரும், வண்டி உங்க பக்கம்தான வருது.

ஏர்வாடி_டீச்சர்:
பாய்க்கும் லோடு அண்ணனுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. ஜெர்மனியில சைக்கிள் லைட்டுக்குச் சட்டமே உண்டு. கார் டிப் லைட் மாதிரி மேல்பக்க ஒளியை வெட்டியிருக்கணும், 10 மீட்டர் தூரத்துல குறைஞ்சது 10 லக்ஸ் விழணும், முன்லைட் சிமிட்டக் கூடாது. அவங்க லூமனைக் கேக்கல, லக்ஸைக் கேக்கிறாங்க. லூமன்னா லைட்டுலேருந்து எல்லாப் பக்கமும் வர்ற மொத்த வெளிச்சம். லக்ஸ்னா ஒரு இடத்துல எவ்வளவு விழுதுங்கிறது. புளியமரத்துக் கொப்புக்குப் போற வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தான் லூமன்ல காசு கொடுக்கிறோம்.

20 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு ஐந்தரை மீட்டர். பார்த்து, புரிஞ்சு, பிரேக் பிடிச்சு நிக்க பன்னிரண்டு பதினைந்து மீட்டர் ஆகும். அந்தத் தூரம் வரைக்கும் தரையில ஒழுங்கா விழுந்தா பாயோட மாடும் தெரிஞ்சுரும். வெட்டின ஒளின்னு கேட்டு வாங்குங்க தம்பி.

ஆனா பின்லைட் சிமிட்டுறதுதான் நல்லது. சிமிட்டினா கவனம் திரும்பும்.

தங்கச்சிமடம்_லோடு:
டீச்சர், அதுல மட்டும் ஒத்துக்க மாட்டேன். சிமிட்டினா ஏதோ இருக்குன்னு தெரியும், எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பிடிபடாது. அணைஞ்சு எரியறதுக்குள்ள இடம் மாறியிருக்கும். நின்னு எரியற சிவப்பு, அதோட பெடல்ல ரிஃப்ளெக்டர். அது மேலயும் கீழயும் ஆடுறதைப் பார்த்தவுடனே சைக்கிள்னு புத்திக்கு எட்டிரும். அதை வாரம் ஒருக்கா துடைக்கணும், உப்பும் புழுதியும் படிஞ்சா மின்னாது.

ஏர்வாடி_டீச்சர்:
பகல்லயும் சாயங்காலத்துலயும் சிமிட்டுறதுதான் கண்ணுல படுது. கும்மிருட்டுக்கு வேணா உங்க பேச்சு.

வேதாளை_ராத்திரி:
ரொம்ப நன்றி. சிவப்பு லைட்டும் பெடல் ரிஃப்ளெக்டரும் நாளைக்கே வாங்கிருவேன். முன்னாடி வெட்டின ஒளியில சார்ஜ் லைட் பார்க்கிறேன். கம்பெனியில பிளக் இருக்கு, அங்கேயே சார்ஜ் போட்டுக்கலாம். எந்தச் சாய்வுல மாட்டணும்?

தேவிபட்டினம்_டைனமோ:
டைனமோவை விட்டுட்ட, சரி. சார்ஜ் போட்டதும் அந்த ரப்பர் மூடியைத் துடைச்சு, அழுத்தி மூடு. ஈரக் கையோட தொடாத.

சைக்கிளைச் சுவத்துலேருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்து. தரையிலேருந்து லைட் இருக்கிற உயரத்தை அளந்து சுவத்துல சாக்பீஸ் கோடு போடு. ஒளியோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஒரு உள்ளங்கை அகலம் கீழ நிக்கணும். சீட்டுல ஆள் உக்காந்திருக்கும்போது பாரு. பாலத்து இணைப்புல சக்கரம் தட்டித் தட்டி கிளாம்ப் இறங்கும், அதனால அடிக்கடி பார்த்துக்க.

கீழக்கரை_பாய்:
கேரியர்ல எதுவும் கட்டுவியா தம்பி?

வேதாளை_ராத்திரி:
ஆமா பாய். பல நாள் மீன் பெட்டி இருக்கும்.

கீழக்கரை_பாய்:
அப்ப சிவப்பு லைட்டை சீட்டுக்கு அடியில மாட்டாத, பெட்டி மறைச்சிரும். பின் மட்கார்டுல கீழ மாட்டு.

தங்கச்சிமடம்_லோடு:
ரொம்பக் கீழ வேணாம், சேறு அடிக்கும். கேரியரோட பின் விளிம்புல தகடு வச்சு மாட்டு. பெட்டியோட பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ரெண்டு ஒட்டிரு, லாரிக்கு ஒட்டுறது. ஸ்டிக்கர் கடையில துண்டாவே வெட்டித் தருவாங்க.